மைசூருக்கு ரெண்டு பேர்

"மைசூருக்குக் கூட்டிக்கினு போனாத்தான் கழுத்த நீட்டுவேன்" என்று சொல்லிவிட்டு, செந்தாமரை புளி மூட்டைமேல் ஏறி முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

தீர்த்தகிரி அவிழாத வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். பந்தல் சாமான் ஜீப்பில் மலையேறி வந்தாயிற்று. சுற்றுவட்டாரம் முழுக்கச் சொல்லியாயிற்று. மணப்பெண்ணிடம் மட்டும்தான் யாரும் கேட்கவில்லை.

ஜமுனாமரத்தூர்ச் சந்தை அன்றைக்கு நிரம்பி வழிந்தது. சாமை வாங்க வந்தவர்கள், கோழி விற்க வந்தவர்கள் எல்லோரும் வந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு மாப்பிள்ளை முழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீக்கடை கெங்கம்மாள் பாய்லருக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "இன்னா மாப்ள, பொண்ணு மொறச்சிக்கிச்சா?"

தீர்த்தகிரி காதில் விழாததுபோல் வானத்தைப் பார்த்தான். வானத்தில் ஒன்றுமில்லை.

அவனைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டிருந்தவன், பக்கத்தில் நின்ற கலையரசன். ஓசூரில் கம்பெனி வேலை. கல்யாண ஏற்பாடு மொத்தமும் அவன் தலையில்.

வியர்ப்பதற்குக் காரணமும் இருந்தது. ஊர்ப் பெரியவரான நாட்டார் கறாராகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை ஒரே பந்தலில் இரண்டு தாலி. முதல் தாலி தீர்த்தகிரி கட்ட வேண்டியது. மூத்தது முடியாமல் இளையது கிடையாது. இளையது, கலையரசன் கட்ட வேண்டியது.

அதாவது செந்தாமரை மூட்டையை விட்டு இறங்கினால் இரண்டு கல்யாணம். இறங்காவிட்டால் ஒன்றும் இல்லை.

மைசூர் ஆசையைக் கிளப்பியதும் கலையரசனேதான். போன மாதம் போனில் அரண்மனையைக் காட்டித் தொலைத்தான். ஞாயிற்றுக்கிழமை இருட்டினதும் லட்சம் பல்பு எரியுமாம். காற்று கொஞ்சம் பலமாக மூச்சு விட்டாலே கரண்ட் போய்விடுகிற ஊர்க்காரிக்கு அது போதாதா?

தீர்த்தகிரி முதுகைப் பார்த்துப் பேரத்தை ஆரம்பித்தான். வேலூர்க் கோட்டைகூட ராஜா காலத்துக் கோட்டைதான். சுற்றிலும் அகழி வேறு இருக்கிறது. அமிர்தி வழியாக பஸ் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் வூட்டுக்கு வந்துவிடலாம்.

"வேலூருக்குப் போறதுக்குப் பேரு ஆஸ்பத்திரிக்குப் போறது" என்றது முதுகு.

சந்தை சிரித்தது.

சரி, மைசூரே போகலாம், துணைக்குத் தன் அக்காவும் வரத் தயார், புளிச்சோறுகூட அதுவே கட்டி எடுத்து வரும் என்று அடுத்து சொல்லிப் பார்த்தான். முதுகு இன்னும் கொஞ்சம் திரும்பிக்கொண்டது. அதற்குமேல் திரும்பினால் மறுபக்கமாக முகமே வந்துவிடும்.

கலையரசன் அவனை ஓரமாக இழுத்தான். "துணைப் பேச்சையே எடுக்காத. ஹனிமூனுக்கு ரெண்டு பேருதான் போவாங்க. நேராப் போய்க் கேளு. எத்தினி தபா சொல்றது?"

"ஹனிமூனா!" கெங்கம்மாள் பாய்லரை அம்போவென்று விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

தீர்த்தகிரி துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டான். தங்க இடம் வேண்டுமே, அது கிடைக்காது என்று துண்டுக்குள்ளிருந்தே முனகினான். குரலில் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது.

கலையரசன் போனில் ஓட்டல் ஓட்டலாகத் தேடினான். ஞாயிற்றுக்கிழமைக்கு எதிலும் இடமில்லை. நாட்டில் கல்யாணமான அத்தனை பேரும் அன்றைக்கு மைசூரில்தான் இருப்பார்கள் போலிருந்தது.

போனைப் பைக்குள் போட்டான். பிறகு, தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிறவனைப் போல ஒரு பெருமூச்சு விட்டான்.

"ஒரே ஒரு ரூம் இருக்கு" என்றான். "ஜன்னலத் தொறந்தா அரண்மனை."

இனித் தப்பிக்க வழியில்லை.

தீர்த்தகிரி மூட்டையைச் சுற்றிக்கொண்டு போய் அவள் எதிரில் நின்றான். கொல்லைக்குள் கரடி வந்தபோதுகூட அவன் இவ்வளவு பயந்ததில்லை. அவளிடம் அவன் எவ்வளவோ சொல்லியிருக்கிறான். ஆட்டைப் பிடி, மூட்டையைத் தூக்கு, நேரமாச்சு கிளம்பு. எல்லாம் சொன்னதுதான். எதையும் கேட்டதில்லை.

"இந்தாமே... மைசூருக்கு வர்றியா?"

"யாரு யாரு?"

"நீயும் நானும்."

"உங்க அக்கா?"

"அது வூட்லயே இருக்கும்."

செந்தாமரை அவனை மேலும் கீழும் பார்த்தாள். கூடையில் இருந்த கோழிகள்கூட வாயை மூடிக்கொண்டன.

"இத்த மொதல்லயே கேக்கறதுக்கு இன்னா?" மூட்டையிலிருந்து குதித்துப் புடவையை உதறினாள். "சரி. கட்டிக்கறேன்."

கெங்கம்மாள் எல்லோருக்கும் டீ என்று அறிவித்தாள். ஓசி என்று சொல்லவில்லை.

கலையரசன் கூட்டத்தை விட்டு விலகிப் போய்ப் போளூருக்குப் போன் போட்டான். அங்கே அவன் கட்டிக்கொள்ளப்போகிற மஞ்சுளா காலையிலிருந்து சாப்பிடாமல் காத்திருந்தாள்.

"மஞ்சு, மைசூர் ரூம் போச்சு... ஆமா, நம்ம ரூம்தான். நாம அடுத்த மாசம் பாத்துக்கலாம்... குடுத்துட்டேன்... யாருக்கா?"

திரும்பிப் பார்த்தான். தீர்த்தகிரி டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, சூடு தாங்காமல் நெளிந்தபடி, செந்தாமரையிடம் நீட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பாவுக்கும் அம்மாவுக்கும்தான். அத வுடு மஞ்சு. தாலி கட்டாமலே இருபத்தாறு வருசம் குடும்பம் நடத்திட்டு, இன்னிக்குத்தான் அப்பா கேட்டுச்சு. அம்மா ஒத்துக்கிச்சு."