பச்சை விளக்கு

குழாயில் ஊதிப் பச்சை விளக்கு எரிந்தால்தான் தடுப்பூசி. சிவப்பு எரிந்தால் மருந்தை வீணாக்க மாட்டார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் ஊதினால் ஜெயில் என்று முகாம் வாசலிலேயே எழுதியிருந்தது.

ஞானப்பிரகாசத்துக்குக் காலமெல்லாம் நூற்பாலையில் பஞ்சு தின்ற நுரையீரல். சட்டைப் பொத்தான் போடுவதற்குள் மூச்சு இளைத்துவிடும். நர்ஸ் மருந்தெடுக்கத் திரும்பிய நேரத்தில் மகள் அருளரசி குழாயைப் பிடுங்கித் தானே ஊதினாள்.

பச்சை எரிந்தது.

"பரவாயில்லையே பெரியவரே, நல்ல மூச்சு" என்றபடி நர்ஸ் ஊசியைப் போட்டாள்.

வெளியே வந்ததும் அருளரசி அவர் காதில் சொன்னாள்: "யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுப்பா."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

வீட்டில், சர்க்கார் கொடுத்த ஆக்சிஜன் மெஷின் அணைந்து கிடந்தது. பொத்தானை அழுத்தினாள்.

"வாழ்த்துகள். முகாமில் பதிவான மூச்சின்படி உங்கள் நுரையீரல் குணமாகிவிட்டது. சந்தேகமிருந்தால் ஊதிக் காட்டவும்" என்றது மெஷின்.

அப்பா இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஊதினார்.

"மூச்சு பொருந்தவில்லை. இவர் ஞானப்பிரகாசம் அல்ல."

அருளரசி ஊதினாள். "வாழ்த்துகள்" என்று அது மறுபடி ஆரம்பித்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயில்ல போட்டுடுவாங்க. மூச்சு... விடக் கூடாதுன்னு... நீதானேம்மா சொன்னே."

போனைப் பிடுங்கித் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

மகள் பேச்சைத் தட்டாத மனிதர். இருட்டுவதற்குள் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டார்.