ஜன்னலோர மேசை ஆபீசர்

லஞ்சம் வாங்காத அதிகாரி எங்கேயோ ஒருவராவது இருப்பதால்தான் இந்த உலகம் இன்னும் தலைகுப்புறக் கவிழாமல் இருக்கிறது. அந்த ஒருவர் தன் ஓட்டலுக்கு வராத வரையில் முதலாளிக்கும் இதில் மாற்றுக் கருத்து கிடையாது.

ஊரடங்கு தளர்ந்து கடை திறந்த முதல் நாள். வாசலில் ஆளுயர பேனர்: 'உங்கள் மூச்சே எங்கள் மூச்சு!' அதில் முகக்கவசம் அணிந்த முதலாளி, தடுப்பூசியைத் தானே கண்டுபிடித்தவர்போலக் கைகட்டி நின்றார். படிக்கத்தான் ஆளில்லை. தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

பேனரைக் கட்டி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டபோது, அடுத்த தெரு பேக்கரிக்காரர் போன் செய்தார்.

"அண்ணே, உஷாரு! சுகாதார ஆபீசர் ஒருத்தர் கஸ்டமர் மாதிரியே வந்து உட்கார்றாராம். வாயைத் திறக்க மாட்டாராம். எல்லாத்தையும் பார்த்துட்டு நேரா சீல்தான். இன்னிக்கு உங்க பக்கம்தான் ரவுண்ட்ஸாம்!"

இன்னொரு தடவை பூட்டினால் திறக்க முடியாது. அப்புறம் மச்சினனின் கடையில் உட்கார்ந்து துணி மடிக்க வேண்டியதுதான். அவர் மனைவி அதற்கு நாள்கூடப் பார்த்துவிட்டாள்.

பின்பக்கமாகச் சமையலறைக்குள் ஓடி, மாஸ்டரின் தாடையில் தொங்கிய முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

ஜன்னலோர மேசையில் ஆபீசர் உட்கார்ந்திருந்தார்.

தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பாதி முகத்தை விழுங்கிய முகக்கவசம், கையுறை, கழுத்துப் பொத்தான்வரை போட்ட முழுக்கைச் சட்டை. மருந்துக்குக்கூட ஒரு கசங்கல் இல்லை. இன்னும் நன்றாகப் பார்க்கலாமென்றால், முதலாளியின் மூக்குக்கண்ணாடி அவர் முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த மூச்சாலேயே பனி பிடித்திருந்தது. துடைத்தார். மறுபடி பனி.

"வாங்க சார், வணக்கம். என்ன சாப்பிடறீங்க?"

பதில் இல்லை. பேக்கரிக்காரர் சொன்னது அப்படியே சரி.

முதலாளி தன் கையாலேயே சூப் கொண்டுவந்து வைத்தார். ஆவி பறந்தது, அடங்கியது, சூப்பின் மேல் ஏடு படிந்தது. ஆபீசர் தொடவில்லை.

"ஓ, டெம்பரேச்சர் பார்க்கலையேன்னு யோசிக்கறீங்களா?" காய்ச்சல் பார்க்கும் கருவியை எடுத்து ஆபீசரின் நெற்றிக்கு நேரே பவ்யமாக நீட்டினார். "நார்மல் சார்!"

கறுப்புக் கண்ணாடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி சார், உங்ககிட்ட மறைக்க முடியாது. இது யாருக்குக் காட்டினாலும் நார்மல்னுதான் சொல்லும். எரியற அடுப்புக்குக் காட்டினேன், அதுக்கும் நார்மல்."

முதலாளியின் பார்வை வாசல் பக்கம் ஓடியது.

"வாசல்ல இருக்கற சானிடைசரா? அது வந்து... பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணி சார். ஆனா கை சுத்தமாயிடும்!"

மாஸ்டர் சமையலறையிலிருந்து தலையை நீட்டினார். "அண்ணே, அவரு ஒண்ணுமே கேக்கலையே. நீங்களா ஏன் உளறிக் கொட்டறீங்க?"

"சும்மா இருய்யா. கேக்கறவன்கிட்ட பொய் சொல்லலாம். கேக்காதவன்கிட்ட எப்படிச் சொல்றது?" முதலாளி திரும்பினார். "அப்புறம் சார், ஊழியர்கள் எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தாச்சுன்னு பேனர்ல போட்டிருக்கறது..."

"எனக்கு எடுத்தீங்களா? எப்போண்ணே?" என்றார் மாஸ்டர்.

அவரை உள்ளே விரட்டிக் கதவைச் சாத்திவிட்டு, முதலாளி ஒரு கவரை எடுத்துக் கையுறைக்குப் பக்கத்தில் நகர்த்தினார். விரல்கூட அசையவில்லை. இன்னொரு கவர். ம்ஹூம்.

முதலாளி எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்தவர். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டியவர்களைத் தெரியும். அரை மணி நேரம் நேர்மையைப் பற்றிப் பேசிவிட்டு, வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொன்னவரையும் தெரியும். கவர் என்று ஒன்று இருப்பதையே மதிக்காத பிறவியை இன்றைக்குத்தான் பார்க்கிறார். அவருக்குக் கண் கலங்கியதில் கண்ணாடி முழுவதுமாக மங்கிப்போயிற்று.

"சார், நீங்க மனுஷனே இல்ல சார். தெய்வம்!"

தெய்வம் அதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

இனி ஒரே வழிதான் பாக்கி. ஓட்டல் உரிமையாளர் சங்கத்தின் துணைத் தலைவர், மாலை போட வருபவர்களுக்குக்கூடக் குனிந்து கொடுக்காதவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மண்டியிட்டார். மேசை விரிப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே தவழ்ந்தார்.

"சார், கடையை மட்டும் மூடிடாதீங்க. காலைப் பிடிச்சுக் கேக்கறேன்..."

இருட்டில் துழாவினார். நாற்காலியின் கால்கள் நான்கும் கிடைத்தன. ஆபீசருடையது அகப்படவில்லை.

"என்ன மாமா, மேசைக்கடியில என்ன பண்றீங்க?" வாசலில் மச்சினனின் குரல். "ஆள் மாதிரியே இருக்குல்ல? காலியா கிடந்தா யாரும் உள்ள வர மாட்டாங்களேன்னு, நீங்க பேனர் கட்டிட்டிருந்தப்போ நான்தான் பின்பக்கமா எங்க கடையிலேர்ந்து தூக்கிட்டு வந்து வச்சேன்."

சட்டை விற்பதற்காகச் செய்த பொம்மை அது; இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது.