காலரில் இருந்த வாசனை

சட்டையை மூக்கருகே கொண்டுபோன கவிப்ரியா சட்டென்று கையை இறக்கினாள். சந்தேகமே இல்லை. பெண்கள் போடும் சென்ட்.

போன வாரமும் இதே வாசனைதான். பேருந்து நெரிசலில் யாரிடமிருந்தாவது ஒட்டியிருக்கும் என்று அன்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். கழற்றிய துணியைத் தானே வாஷிங் மெஷினில் போட்டுவிடும் அவள் கணவன் ரமணன், இப்போதெல்லாம் சட்டையை அவள் நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டுப் போகிறான். கள்ளம் புகுந்தால் பழக்கம்கூடத் தடுமாறும் போல.

அவனிடம் அவள் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் போய்ப் பல மாதங்களாகின்றன. வயிற்றிலிருந்த குழந்தை தங்காமல் போன நாளிலிருந்து அந்தச் செங்காங் அடுக்குமாடி வீட்டில் அவனுக்கு அவள் கொடுப்பது சோறும், 'மேசையில் இருக்கு' என்று போனில் ஒரு வரியும்தான்.

சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு தேக்காவுக்கு ரயிலேறினாள். அங்கே ஒரு சந்தில் அத்தர் கடை வைத்திருந்த ஷபானாவுக்கு ஐம்பது வயதிருக்கும். காலரை முகர்ந்தாள், தோள்பட்டையை முகர்ந்தாள், பிறகு கவிப்ரியாவின் முகத்தைப் பார்த்தாள்.

"யாரு சட்டைமா?"

"தெரிஞ்சவங்களோடது. பக்கத்துல உக்காந்தா இப்படி ஒட்டுமா?"

"ஒட்டாது லா. கட்டிப்பிடிச்சாக்கூட ஒரு பக்கம்தான் லேசா ஒட்டும், அவங்க உடம்பு வாசனையும் கலந்திருக்கும். இது காலரு, ரெண்டு தோளு, எல்லாம் ஒரே அளவு. நேரா துணியில ஸ்ப்ரே பண்ணியிருக்காங்க."

"துணியில எதுக்கு?"

"தோல்ல போட்டா சூட்டுல சில மணி நேரத்துல போயிடும். அதனாலதான் கிரீம் தடவிட்டு, மணிக்கட்டுலயும் கழுத்துலயும் தேய்க்காம வைக்கச் சொல்லுவோம். துணியில அடிச்சா மறுநாள் வரைக்கும் நிக்கும். வாசனை போயிடக்கூடாதுன்னே யாரோ அடிச்சிருக்காங்கமா."

கவிப்ரியாவுக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தே, அவளுக்குத் தெரியட்டும் என்றே, அந்தப் பெண் அடித்து அனுப்புகிறாள்!

"விலை கூடின சென்ட்டுமா இது" என்று சட்டையை மடித்துக் கொடுத்தாள் ஷபானா. "வெச்சிருக்கிறவங்க பாத்ரூம்லயோ ஜன்னல் ஓரமோ வைக்க மாட்டாங்க. சூடும் வெளிச்சமும் பட்டா கெட்டுப்போயிடும். டப்பாவோட இருட்டுல வெப்பாங்க."

இருட்டு என்ற சொல் ரயிலிலும் அவளை விடவில்லை. விலை கூடின சென்ட்டை அந்தப் பெண்ணுக்கு வாங்கித் தருவது இவனாகவே இருந்தால்? அடுத்ததைக் கொடுக்கும்வரை எங்கே ஒளித்து வைப்பான்?

வீட்டில் ஜன்னலே இல்லாத இடம் ஒன்றுதான். ஆபத்துக் காலத்தில் ஒதுங்கவென்று கட்டி, சாமான் போட்டுவைக்கும் ஷெல்டர் அறை. அதன் இரும்புக் கதவை அவள் தொடுவதே இல்லை. குழந்தைக்கென்று வாங்கிய தொட்டில், பிரிக்காத பெட்டியோடு உள்ளே நின்றது.

கதவை இழுத்தாள். தொட்டில் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு நகர்த்தினாள். அதன் பின்னால், கறுப்புத் துணியில் பத்திரமாகச் சுற்றி, சின்ன அட்டை டப்பா. திறந்து முகர்ந்தாள். அதே வாசனை. பாட்டிலில் பாதி தீர்ந்திருந்தது.

ஒளித்து வைக்க இந்த இடம்தானா கிடைத்தது?

புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போக நாலு துணியைப் பையில் திணித்தாள். பையை வாசலில் வைத்துவிட்டு, பாட்டிலோடு மேசையருகே உட்கார்ந்தாள்.

சாயங்காலம் ரமணன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். அவனுக்கு முன்னால் அந்த வாசனை வந்தது.

"சாப்பிட்டியா கவி?" தினமும் கேட்பதுதான். பதிலை எதிர்பாராமல் செருப்பைக் கழற்றக் குனிந்தான்.

அவள் பாட்டிலை மேசைமேல் ஓங்கி வைத்தாள். "யாரு அவ?"

ரமணன் குனிந்தபடியே நின்றுவிட்டான்.

"உங்களைத்தான் கேக்குறேன்! யாரு அவ? ஒளிச்சு வைக்க என் பிள்ளையோட தொட்டில்தான் கிடைச்சுதா? வெக்கமா இல்ல உங்களுக்கு? ஒரு வார்த்தை... ஒரு வார்த்தை உண்மையச் சொல்லிட்டு எங்க வேணா போங்க!"

அடுத்த வீட்டுக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. குரல் உடைந்தது, மூச்சு வாங்கியது, அத்தனை மாதமும் வராத அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

ரமணன் பயப்படவில்லை. கதவில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவன் கண்ணிலும் நீர் நிறைந்திருந்தது. ஆனால் முகத்தில் என்னவோ ஒரு நிம்மதி.

"அப்படி யாரும் இல்ல கவி."

"பொய்! எனக்குத் தெரியணும்னே அவ சட்டையில அடிச்சு அனுப்புறா!"

"உனக்குத் தெரியணும்னுதான். ஆனா அடிச்சது நான். ஆபீஸ்ல ஒரு பாட்டில் வெச்சிருக்கேன். கிளம்புறப்ப தினமும் நானே அடிச்சுக்குவேன். இங்க சட்டையை நாற்காலியில மாட்டுறப்ப இதுல இருந்து இன்னும் கொஞ்சம்."

"நீங்களா? எதுக்கு?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"திட்டுறதுக்காவது நீ வாயைத் திறப்பேன்னுதான்."