ஒரு நாளைக்கு ஒரு கேள்வி

நாலாம் படுக்கைக் குழந்தைக்குக் கவாசாகி காய்ச்சல். அவளுடைய அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கசங்கிய சட்டையோடு நர்ஸின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். இதோ, காலையிலிருந்து ஏழாவது முறையாக வந்து நிற்கிறார்.

"சிஸ்டர், லிவர் ரிப்போர்ட்ல நம்பர் ஏறியிருக்கே. மஞ்சள் காமாலையா இருக்குமோ?"

"இல்ல சார். இந்தக் காய்ச்சல்ல கொஞ்சம் ஏறத்தான் செய்யும். மருந்து ஏத்தியாச்சு, இறங்கிடும்."

"யூரின்ல வெள்ளை அணு வேற இருக்கு. கிட்னிக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"கிருமி இல்லையே சார். அதுவும் இந்த நோயோட வர்றதுதான். இதைத்தானே காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்."

"இல்ல, சில குழந்தைங்களுக்கு..."

படுக்கையில் ரஸ்க் கடித்துக்கொண்டிருந்த மகள் குரல் கொடுத்தாள். "அப்பா, சிஸ்டரை வேலை செய்ய விடுங்களேன்."

நர்ஸ் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். சுவரில் மாட்டியிருந்த பலகையை விரலால் தட்டினாள்.

"இதைக் கொஞ்சம் சத்தமா படிங்க சார்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரிப்போர்ட் பற்றிப் பெற்றோர் ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டுமே கேட்கலாம். வீண் பயம் வேண்டாம். மீறுவோர் வார்டுக்கு வெளியே அனுப்பப்படுவர்."

"கீழே கையெழுத்து?"

அவர் குரல் கம்மியது. "தலைமை மருத்துவர், குழந்தைகள் பிரிவு."

"யாரா இருந்தாலும் விடாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றபடி நர்ஸ் கதவைத் திறந்து பிடித்தாள். "வெளியே பெஞ்சு காலியாத்தான் இருக்கு, டாக்டர்."