எப்படிச் சொன்னாள்

மாலை வெயில் சாப்பாட்டு மேசையில் சாய்ந்து கிடக்கிறது. ஆங்கில வீட்டுப்பாடத்தில் 'அம்மா சொன்னாள்' என்று எழுதிய மகள், எப்படிச் சொன்னாள் என்று காட்டும் சொல்லுக்காகப் பென்சிலைக் கடிக்கிறாள். "அப்பா, கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்ப அம்மா 'வந்துடறேன்'னு சொன்னாங்கல்ல, மெதுவாவா, சந்தோஷமாவா?" தட்டுக் கழுவும் அவன் கை நிற்கிறது. அன்றும் இதே குழாயடியில்தான் நின்றான். தண்ணீர்ச் சத்தத்தில் திரும்பிப் பார்க்காமலே ம் கொட்டினான். அவள் திரும்பி வரவில்லை. சொன்ன சொல் நினைவிருக்கிறது; சொன்ன விதம் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. "நீயும் இங்கதானே இருந்தே?" "நான் டிவி பாத்துட்டிருந்தேன். சொல்லுப்பா! அம்மா சொல்ற மாதிரி நீ சரியான ஊமைக்கோட்டான்." அவன் குழாயை மூடுகிறான். வீடு அமைதியாகிறது. "மெதுவாத்தாம்மா" என்கிறான். மகள் நாக்கைத் துருத்திக்கொண்டு அழுத்தி எழுதுகிறாள். இனி அம்மா மெதுவாகத்தான் சொன்னாள்.