இலவசக் குளிசை

“…உங்கட இலவசக் குளிசையாலதான் மிஸி, எனக்கு இன்னும் பிள்ளை இல்ல. சங்கத்தில சொல்லி இந்தக் கிளினிக்கையே மூடுவிப்பன்.”

வாவிக்கரை மீனவர் சங்கத் தலைவர் தங்கேஸ்வரன் மேசையில் தட்டினார். வெளியே கருத்தடைக் குளிசைக்குக் காத்திருந்த பெண்கள் கலங்கிப்போனார்கள். கடையில் காசு கொடுத்து வாங்க அவர்களுக்கு வழியில்லை.

இந்த வாய்வீச்சைக் கேட்கவே மருத்துவமாது கம்சாயினிக்கு அருவருத்தது. தலைவர் இழுத்து வந்திருந்த மனைவியிடம் திரும்பினாள்.

“நீங்க சொல்லுங்கக்கா.”

“நான் ஒருநாளும் குளிசை போட்டதில்ல மிஸி,” என்றாள் அவள் மெல்ல. “இவரத்தான் டொக்டரிட்டக் காட்டச் சொல்லியிருக்கு. போறாரில்ல.”

சிங்கம்போல வந்தவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டுக் குரலை இறக்கினார்.

“கிளினிக் இருக்கட்டும் மிஸி. இவள் குளிசை போடுறாள் எண்டு மட்டும் ஊருக்குள்ள ஒருக்காச் சொல்லிவிடுவீங்களா?”