வெர்னாவின் மறதி

"இன்னிக்கும் மறந்துட்டியா? தலையை எங்கே கழட்டி வச்சே, வெர்னா?"

கணவர் லோவெல் போட்ட சத்தத்தில் அரிசோனாவின் அந்த மோட்டார்ஹோம் முகாமே திரும்பிப் பார்த்தது.

பஸ் அளவு மோட்டார்ஹோம், சக்கரத்தின் மேல் ஒரு வீடு. அதன் பின்னால் கோத்த ஒரு சின்னக் கார். நாலு சக்கரமும் உருள அப்படியே இழுத்துக்கொண்டு போக வேண்டும். கிளம்பும் முன் காரை 'டோ மோட்' என்கிற இழுவை நிலையில் போட மறந்தால் போச்சு, வழியிலேயே கியர் பாக்ஸ் கருகிவிடும்.

"இதோ, போட்டுடறேங்க" என்று வெர்னா காருக்குள் ஏறினாள்.

"நான் மட்டும் எட்டிப் பார்க்கலேன்னா என்ன ஆகியிருக்கும்?"

"கார் போயிருக்கும். நீங்க இருக்கப்போய் தப்பிச்சுது."

லோவெல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து ஸ்டியரிங் வெர்னாவின் கைக்குப் போய்விட்டது. வாய் மட்டும் அவரிடமே இருந்தது.

பக்கத்து மோட்டார்ஹோம்காரி ட்ரூடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளிர்காலம் முழுக்க இவர்களோடு சேர்ந்துதான் முகாம் முகாமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். கிளம்புகிற ஒவ்வொரு காலையும் இதே கூத்து.

'வண்டியும் ஓட்டி, இந்த மனுஷனையும் கட்டி மேய்க்கிறாளே, அந்தப் பொம்பளைக்கு இது ஒண்ணு மறந்தா என்ன? ஊர் கூட்டித்தான் திட்டணுமா?'

அடுத்த முகாம் நியூ மெக்சிகோவில். அங்கிருந்து கிளம்புகிற அன்று, காரைக் கோத்துவிட்டு லோவெலைக் கூட்டிவர வெர்னா உள்ளே போனாள்.

ட்ரூடி சட்டென்று அந்தக் காருக்குள் ஏறினாள். அவளுடையதும் அதே மாதிரிக் கார்தான். டோ மோடில் போட்டுவிட்டு இறங்கினால், எதிரே வெர்னா.

"என்ன பண்றே, ட்ரூடி?"

"டோ மோட் போட்டுட்டேன். இன்னிக்கு உங்க வீட்டுக்காரர் வாயைத் திறக்கட்டும், பார்க்கலாம்!"

வெர்னாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ! எடுத்துடு, எடுத்துடு. ஷூ மாட்டிக்கிட்டு இருக்கார், இப்ப வந்துடுவார்."

"என்னக்கா இது, திட்டு வாங்கலேன்னா உங்களுக்குப் பொழுது விடியாதா?"

வெர்னா காருக்குள் பாய்ந்தாள். இன்ஜினைப் போட்டு, பழையபடி மாற்றிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

"காலமெல்லாம் லாரி ஓட்டின மனுஷன், ட்ரூடி. இப்போ சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டுவிடறேன். பாதி நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துடுவார். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்."

"அடப் பாவமே..."

"ஆனா கிளம்பற அன்னிக்கு மட்டும் எனக்கு முன்னாடியே எழுந்து உட்கார்ந்துக்குவார். 'நான் வந்து பார்க்கலேன்னா இவ காரைக் கருக்கிடுவா'ன்னு."

மோட்டார்ஹோமின் கதவு திறந்தது. லோவெல் ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினார்.

வெர்னா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் ஒரு தடவைகூட மறந்ததில்லை, ட்ரூடி."